மைனஸ் 20-ல் தனியாக ஒரு மலை: எல்லாரும் கேட்ட கேள்விகள்

ஜனவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள மவுண்ட் பியர்ஸ் மலைக்குத் தனியாக ஏறிவிட்டு மதியத்துக்குள் இறங்கி வந்தேன். அடிவாரத்திலேயே மைனஸ் 20 டிகிரி. உச்சியில் காற்றோடு சேர்த்து மைனஸ் 34 என்று எழுதிப் படங்களைப் போட்டேன். அவற்றைப் பார்த்த நண்பர்கள், அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர்கள், ஊரில் இருக்கும் சித்தப்பா, அம்மா என்று ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

அது எந்த மலை? பெரிய மலையா?

இல்லை. உயரம் 4,310 அடி, அதாவது 1,314 மீட்டர். ஏற்காடே ஏறக்குறைய 1,500 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். கணக்குப்படி பார்த்தால் கொடைக்கானல் ஏரிக்கரையில் சோளம் தின்றுகொண்டு நிற்கிறவர் என்னைவிட 800 மீட்டர் உயரத்தில் நிற்கிறார்.

வொயிட் மவுண்டன்ஸ் மலைத்தொடரில், கிராஃபோர்ட் நாட்ச் என்ற கணவாயிலிருந்து ஏறும் மலை இது. பாஸ்டனிலிருந்து காரில் சுமார் இரண்டரை மணி நேரம். போக வரப் பத்துக் கிலோமீட்டர், ஏற்றம் 730 மீட்டர் போல. முன்பு மவுண்ட் கிளின்டன் என்று பெயர். அமெரிக்காவின் 14-வது அதிபரான ஃபிராங்க்ளின் பியர்ஸ் இந்த மாநிலத்துக்காரர் என்பதால் 1913-ல் அவர் பெயரை வைத்தார்கள். ஏறும் பாதைக்கு கிராஃபோர்ட் பாத் என்று பெயர். ஏபெல் கிராஃபோர்டும் அவர் மகன் ஈதன் ஆலன் கிராஃபோர்டும் 1819-ல் வெட்டியது. அன்றிலிருந்து விடாமல் ஆள் நடக்கும் மலைப்பாதைகளில் அமெரிக்காவிலேயே பழையது இதுதான் என்கிறார்கள்.

கொடைக்கானல் குளிர் மாதிரி இருக்குமா?

சித்தப்பாவின் கேள்வி. டிசம்பர் இரவில் கொடைக்கானலில் 7, 8 டிகிரி இருந்தாலே ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் போட்டுக்கொண்டு டீக்கடை வாசலில் கைகளைத் தேய்ப்போம். அந்தக் குளிர் தோலைத் தொடும், அவ்வளவுதான். மைனஸ் 20 வேறு ஜாதி. கார் கதவைத் திறந்து முதல் மூச்சை இழுத்தவுடன் மூக்குக்குள் இருக்கும் முடிகள் உறைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மூக்குக்குள் நெருஞ்சி முள்ளை வைத்தது மாதிரி இருக்கும். கண் சிமிட்டினால் இமை முடி ஒட்டும். பனி காலடியில் நறநறவென்று சத்தம் போடும், புது செருப்பு போட்டு நடக்கிற மாதிரி. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பனி இப்படிச் சத்தம் போடாது; மைனஸ் 10-க்குக் கீழே போன பிறகுதான் போடும். தெர்மாமீட்டர் இல்லாதவர் காதை வைத்தே குளிரைச் சொல்லிவிடலாம்.

உயரம் குறைந்த மலைக்கு இவ்வளவு குளிர் எப்படி என்றால், இடம் அப்படி. பூமத்தியரேகையிலிருந்து 44 டிகிரி வடக்கே இருக்கிறது. கனடாவின் பனிக்காற்று தடுக்க ஆளில்லாமல் நேரே இறங்கி வருகிறது.

மைனஸ் 20 என்பது செல்சியஸா, ஃபாரன்ஹீட்டா?

செல்சியஸ். கார் திரையில் மைனஸ் 4 ஃபாரன்ஹீட் என்று காட்டியது. இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்தும் மனதுக்குள் இன்னும் மாற்றித்தான் பார்க்கிறேன்.

"காற்றோடு சேர்த்து மைனஸ் 34" என்று எழுதியிருந்தீர்களே, அது என்ன கணக்கு?

உடம்பைச் சுற்றி அது சூடாக்கிய மெல்லிய காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். காற்று வீசினால் அந்தப் படலத்தை அடித்துக்கொண்டு போய்விடும். உடம்பு மறுபடி சூடாக்க வேண்டும். சூடான காபியை ஊதிக் குடிப்பதும் இதே வேலைதான். உச்சியில் மைனஸ் 22, காற்று மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால், திறந்த தோலுக்கு அது காற்றே இல்லாத மைனஸ் 34 மாதிரி. அந்த அளவில் மூடாத கன்னமோ விரலோ பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் உறைய ஆரம்பிக்கலாம்.

இந்தக் கணக்கு தோலுக்குத்தான். பாட்டில் தண்ணீரும் கார் எஞ்சினும் காற்று அடித்தால் சீக்கிரம் ஆறும், ஆனால் மைனஸ் 22-க்குக் கீழே போகாது.

எந்த நாளில் போவது என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

காற்றைப் பார்த்து. இதே மலைமுகட்டில் பியர்ஸிலிருந்து எட்டு, ஒன்பது கிலோமீட்டர் நடந்தால் மவுண்ட் வாஷிங்டன். அதன் உச்சியில் 1932 முதல் ஒரு வானிலை ஆய்வகம் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க ஆட்கள் அங்கேயே தங்கி அளக்கிறார்கள். 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்றை அவர்கள் அளந்தது 62 வருடம் உலக சாதனையாக இருந்தது. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு இரவு அங்கே மைனஸ் 44 டிகிரி; காற்றோடு சேர்த்து மைனஸ் 78. அந்த ஆய்வகம் உயரமான சிகரங்களுக்கு மட்டும் தினமும் தனியாக ஒரு முன்னறிவிப்பு எழுதுகிறது. ஊருக்கான வானிலையைப் பார்த்துவிட்டு இந்த மலைகளுக்குக் கிளம்புவது, சென்னை வெயிலைப் பார்த்துவிட்டு ஊட்டிக்குத் துணி எடுத்து வைக்கிற மாதிரி.

என் விதி: முகட்டில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் காற்று என்றால் வீட்டில் தூங்குவேன். வெப்பநிலைக்கு அப்படிக் கோடு எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. காற்று இல்லாத மைனஸ் 20-ஐ விட, காற்றும் ஈரப்பனியும் சேர்ந்த பூஜ்யம் மோசமானது. அந்த மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் காற்றுக்குப் பயந்து தள்ளிப்போட்டு, மூன்றாவதில்தான் போனேன்.

என்ன உடை? நாலு ஸ்வெட்டர் போட்டீர்களா?

கேட்டவர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்டார்கள். பதில் யாருக்கும் திருப்தியாக இல்லை, ஏனென்றால் நடக்கும்போது நான் போட்டிருந்தது மிகக் கொஞ்சம். மேலே மெல்லிய மெரினோ கம்பளிச் சட்டை ஒன்று, அதன் மேல் மெல்லிய ஃபிளீஸ், அதாவது பஞ்சு போன்ற செயற்கை இழை மேல்சட்டை. கீழே ஒரு தெர்மல், அதன் மேல் காற்றைத் தடுக்கும் பேன்ட். தலைக்குக் கம்பளித் தொப்பி, கழுத்தில் ஒரு உறை. பறவை இறகு அடைத்த குண்டு டவுன் ஜாக்கெட்டும் காற்றைத் தடுக்கும் மேலங்கியும் பைக்குள். ஜாக்கெட் நிற்பதற்கு, நடப்பதற்கு இல்லை.

கார் அருகே நிற்கும்போது நடுங்கினேன். நடுங்கவேண்டும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் வியர்க்கும். இந்த மலைகளில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டால் கரடி, பனிச்சரிவு, வழி தவறுவது என்றெல்லாம் பட்டியல் போடுவார்கள். எனக்கு முதல் பயம் என் முதுகில் ஊறும் வியர்வை. காற்றை விடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். நனைந்த சட்டையோடு நடக்கிறவரை தெரியாது. நின்றவுடன் தெரியும்.

அதனால்தான் பருத்தி கூடாது. நம் ஊர் வெயிலுக்குப் பருத்தி பனியன் ஏன் சுகம்? வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக உலர்ந்து உடம்பைக் குளிர்விக்கும். அதே குணம் இங்கே ஆளைக் கொன்றுவிடும். பனியன், ஜட்டி, சாக்ஸ் எதிலும் பருத்தி இருக்கக் கூடாது. நான் முதல் குளிர்காலத்தில் சாக்ஸை மறந்து மாட்டிக்கொண்டது தனிக்கதை.

அந்தக் குளிரில் வியர்க்குமா என்ன?

கொட்டும். பை 11 கிலோ, ஏற்றம் 730 மீட்டர், பனியில் கால் வைப்பது மணலில் நடப்பது போல. வியர்க்காமல் இருக்க ஒரே வழி மெதுவாகப் போவது. எவ்வளவு மெதுவாக என்பதற்கு என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது: பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஏறுவேன். மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. திணறினால் குறைக்க வேண்டும். இதில் இன்னொரு வசதியும் உண்டு. உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்க ஆரம்பித்தால் நாக்கு குழறும், கணக்கு தடுமாறும். கூட ஆள் இருந்தால் "என்னடா உளறுகிறாய்" என்று கேட்பார்கள். தனியாகப் போகிறவன் உளறுவதை யார் கேட்பது? வாய்ப்பாடுதான் கேட்கும்.

இவ்வளவும் தெரிந்தும் அன்றைக்குத் தப்பு செய்தேன். கிப்ஸ் அருவி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை செங்குத்தாகிறது. உடம்பு சூடாகிறது, ஃபிளீஸைக் கழற்று என்று மூளை சொன்னது. கழற்ற வேண்டும் என்றால் நிற்க வேண்டும், பையை இறக்க வேண்டும், தடித்த கையுறையோடு கிளிப்புகளை எடுக்க வேண்டும். "இந்த ஒரு ஏற்றம் முடியட்டும்" என்று போனேன். மிஸ்பா கட்-ஆஃப் பாதை பிரியும் இடத்தில் நின்று தண்ணீர் குடித்தபோது முதுகில் சில்லென்று ஒரு கோடு இறங்கியது. இரண்டு நிமிடத்தில் அந்தக் கோடு சிலேட்டுப் பலகையாகிவிட்டது. கையைப் பின்னால் விட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஃபிளீஸின் வெளிப்பக்கம் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. என் வியர்வைதான் ஆவியாக வெளியே வந்து அங்கேயே உறைந்திருக்கிறது.

மேலே முகட்டில் காற்று இருக்கும். இந்தச் சட்டையோடு அங்கே போகக் கூடாது. மரங்களுக்கு நடுவே காற்று படாத ஒரு பள்ளம் பார்த்துப் பையை இறக்கினேன். மாற்றுச் சட்டையை முதலில் எடுத்து, கைகளைச் சரியாக நுழைக்கிற மாதிரி விரித்து, பையின் மேல் வைத்தேன். டவுன் ஜாக்கெட்டை ஜிப் திறந்து பக்கத்துக் கிளையில் மாட்டினேன். அப்புறம் ஒரு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஃபிளீஸையும் சட்டையையும் ஒன்றாக உருவினேன். மைனஸ் 20-ல் வெற்று மார்போடு நின்றது அதிகம் போனால் நாற்பது விநாடி. ஆச்சரியம் என்னவென்றால், ஈரச் சட்டையோடு நின்றதை விட அது பரவாயில்லை. உலர்ந்த தோலுக்கு அவ்வளவு குளிரவில்லை. உடம்பிலிருந்து சாம்பிராணி போட்டது மாதிரிப் புகை எழுந்தது. கழற்றிப் போட்ட சட்டையை இரண்டு நிமிடம் கழித்து எடுத்தால் அப்பளம் போல விறைத்து நிற்கிறது.

அதற்குப் பிறகு ஃபிளீஸ் இல்லாமல், உலர்ந்த சட்டைக்கு மேல் காற்றுத் தடுப்பு அங்கி மட்டும் போட்டு, ஜிப்பைப் பாதி திறந்து வைத்து ஏறினேன். சரியாக இருந்தது.

கை மரத்துப் போகவில்லையா?

போனது, அதுவும் என் தப்பால். கைக்கு மூன்று அடுக்கு வைத்திருந்தேன்: மெல்லிய உள் கையுறை, சாதாரணக் கையுறை, அப்புறம் விரல்களெல்லாம் ஒரே அறையில் இருக்கும் பெரிய மிட்டன். விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுப்பதால் மிட்டன்தான் அரசன். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு ஒரு வேலையும் செய்ய முடியாது. சட்டை மாற்றும்போது உள் கையுறையையும் கழற்றினேன். அந்தக் கையோடு ஜாக்கெட்டின் உலோக ஜிப்பைப் பிடித்துப் போராடியதில், வலது ஆள்காட்டி விரல் நுனி மெழுகு மாதிரி வெளுத்துப் போனது. தொட்டால் வேறு யார் விரலையோ தொடுகிற மாதிரி இருந்தது.

இது உறைபனிக் காயத்துக்கு முந்தைய கட்டம். உடனே கவனித்தால் தழும்பு இல்லாமல் போய்விடும். விரலை அக்குளுக்குள் வைத்து ஐந்து நிமிடம் நின்றேன். தேய்க்கக் கூடாது, பனியை வைத்துத் தேய்க்கவே கூடாது. ரத்தம் திரும்பி வரும்போது வலி கண்ணில் நீர் வரவைக்கும். அது நல்ல வலி. நிறம் திரும்பவே இல்லை, தோல் கட்டையாகிவிட்டது என்றால் இறங்கி மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடுவழியில் சூடாக்கி, அது மறுபடி உறைந்தால் முதலில் இருந்ததை விட மோசம்.

காலுக்கு என்ன? வழுக்காதா?

உள்ளே பஞ்சு வைத்த பூட்ஸ், அதன் மேல் மைக்ரோஸ்பைக்: ரப்பர் வளையத்தில் சங்கிலியும் சிறு முட்களும் கோர்த்தது. பூட்ஸ் மேல் இழுத்து மாட்டினால் போதும். நிறையப் பேர் நடந்து இறுகிய பாதைக்கு அது போதும். புதுப்பனி விழுந்திருந்தால் ஸ்னோஷூ வேண்டும்: கால் புதையாமல் இருக்க பூட்ஸுக்கு அடியில் கட்டும் அகலமான தட்டு. பையில் கட்டிக்கொண்டு போய், கட்டிக்கொண்டே திரும்பினேன்.

குளிர்காலத்தில் இந்தப் பாதை கோடையை விடச் சுலபம் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. கோடையில் முழுக்கப் பாறையும் வேரும், முட்டி கழன்றுவிடும். பனி அதையெல்லாம் மூடி, நடுவில் ஒரு வரப்பு மாதிரி இறுக்கி வைத்திருக்கிறது. இங்குள்ளவர்கள் அதை மோனோரயில் என்கிறார்கள். வரப்பை விட்டு ஒரு காலை வெளியே வைத்தால் தொடைவரை புதையும். இன்னும் மேலே, ஸ்ப்ரூஸ் மரங்களின் கிளைக்கு அடியில் பனி நிரம்பாத குழி இருக்கும். மேலாகப் பார்த்தால் சமதளம், மிதித்தால் ஆளே உள்ளே. தனியாக இருக்கும்போது அதில் விழுந்து ஏறுவது லேசான காரியம் இல்லை. அதனால் ஒன்றுக்குப் போகக்கூட நான் வரப்பை விட்டு அதிக தூரம் போகவில்லை.

ஆமாம், ஒன்றுக்குப் போக...?

சீக்கிரம். காற்றுக்கு முதுகைக் காட்டி. கேள்வி இத்துடன் முடிந்தது.

சாப்பாடு?

இதில்தான் எனக்கு அனுபவம் அதிகம், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒருமுறை வீணாக்கியிருக்கிறேன். முதல் வருஷம் புளியோதரை கொண்டுபோனேன். டப்பாவைத் திறந்தால் ஆலங்கட்டி. பேரீச்சம்பழம் கல். கடையில் விற்கும் எனர்ஜி பார் ஒன்றைக் கடித்து, பல் வைத்தியரிடம் போகவேண்டியதாயிற்று. சாக்லேட் உடையும், ஆனால் வாயில் கரையவே நேரமாகும்.

யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிது: தண்ணீர் இருப்பதுதான் உறையும். முறுக்கில் தண்ணீர் இல்லை. வறுத்த முந்திரி, காராசேவு, தட்டை எதுவும் உறையாது. நம் பாட்டிகள் மழைக்காலத்துக்கு டின்னில் போட்டு வைத்ததெல்லாம் பனிமலைக்கும் சரியாக இருக்கிறது. முறுக்கை முன்கூட்டியே விரல்நீளத் துண்டுகளாக உடைத்து, மிட்டனோடு எடுக்கிற மாதிரி இடுப்புப் பையில் போட்டுவைப்பேன். உட்கார்ந்து சாப்பிடும் வேலையே இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை நடந்துகொண்டே நாலு துண்டு. மிக்சர் மட்டும் வேண்டாம். மிட்டனோடு ஓமப்பொடி பொறுக்கியவன் சொல்கிறேன்.

தண்ணீர் உறையாதா?

கிளம்பும்போது கொதிக்கக் கொதிக்க ஊற்றுவேன். அகல வாய் பிளாஸ்டிக் பாட்டிலை ஒரு பழைய கம்பளிச் சாக்ஸுக்குள் போட்டுத் தலைகீழாகப் பைக்குள் வைக்க வேண்டும். தண்ணீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும். தலைகீழாக இருந்தால் பனி அடிப்பக்கம் கட்டும், மூடி திறக்கும். குழாய் வைத்த தண்ணீர்ப் பைகள் இந்தக் குளிருக்கு ஆகாது, கால் மணி நேரத்தில் குழாய் அடைத்துவிடும். இதோடு ஒரு பிளாஸ்க் சுக்குக் காபி, கருப்பட்டி போட்டது. உச்சியில் அதைத் திறந்தபோது வந்த வாசனையை அந்த மலை அதற்குமுன் பார்த்திருக்காது.

வழி தவறினால்? போனில் வரைபடம் இருக்கிறதல்லவா?

இருக்கிறது, போன் உயிரோடு இருக்கிறவரை. குளிரில் பேட்டரி 60 சதவீதம் காட்டிக்கொண்டே அணைந்துவிடும். நான் போனை விமானப் பயன்முறையில் போட்டு, நெஞ்சோடு ஒட்டிய உள் பையில் வைத்திருந்தேன். காகித வரைபடம், திசைகாட்டி, தலைவிளக்கு, அதற்குத் தனி பேட்டரி எல்லாம் உண்டு. பகல் நடைக்குத் தலைவிளக்கு எதற்கு என்றால், ஜனவரி நடுவில் இங்கே மாலை நாலரைக்குச் சூரியன் போய்விடும்.

மரங்களுக்கு நடுவில் இருக்கிறவரை பாதை தெளிவு. மரம் முடியும் இடத்தில்தான் சிக்கல். காற்று காலடித் தடத்தைக் கால் மணியில் அழித்துவிடும். மரங்களை விட்டு வெளியே வந்தவுடன் திரும்பி நின்று, நான் வந்த இடைவெளி எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்: இடப்பக்கம் ஒரு சாய்ந்த ஃபர் மரம், அதன் உச்சி ஒடிந்தது. திரும்பி வரும்போது தேடவேண்டியது அந்த மரத்தைத்தான்.

சரி, தனியாகப் போவது ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். சுற்றி வளைக்க விரும்பவில்லை. கணுக்கால் பிசகுவது கோடையில் ஒரு தொல்லை. மைனஸ் 20-ல் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டால் சில மணி நேரத்தில் உயிர்ப் பிரச்சினை. அதனால் பகல் நடைதான் என்றாலும் தூக்கப் பையும் அடியில் விரிக்க ஒரு ஃபோம் பாயும் கொண்டுபோகிறேன். அந்த 11 கிலோவில் மூன்று கிலோ அதற்கே.

2015 பிப்ரவரியில் இதே மலைத்தொடரின் வடக்கே, 32 வயதுப் பெண் ஒருவர் தனியாக ஒரே நாளில் சில சிகரங்களைக் கடக்கக் கிளம்பினார். நல்ல உடற்தகுதி, நல்ல சாமான்கள், உயிர்காக்கும் ரேடியோ கருவியும் இருந்தது. கருவியை இயக்கியும் இருக்கிறார். ஆனால் அது காட்டிய இடம் மாறிக்கொண்டே இருந்தது. புயல்காற்றில் மீட்புக் குழு மறுநாள்தான் அவர் உடலைக் கண்டுபிடித்தது. கருவி செய்தியை அனுப்பும். ஆள் வந்து சேரும்வரை உயிரோடு இருப்பது நம் வேலை. அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் தூக்கப் பை வாங்கினேன்.

அப்புறம் ஏன் தனியாக என்றால், என் வேகத்தில் போகலாம், என் இஷ்டத்துக்குத் திரும்பலாம். கூட்டத்தோடு போனால் "நான் திரும்பிக்கொள்கிறேன்" என்று சொல்ல எனக்குக் கூச்சம். தனியாக இருக்கும்போது அந்தக் கூச்சம் இல்லை. இது நல்ல காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் உண்மையான காரணம்.

யாரிடமாவது சொல்லிவிட்டுப் போனீர்களா?

ஒரு நண்பரிடம். எந்தப் பாதை, கார் எங்கே, எத்தனை மணிக்குள் செய்தி அனுப்புவேன், அனுப்பாவிட்டால் எந்த எண்ணை அழைக்க வேண்டும், எல்லாம் எழுதி. நியூ ஹாம்ப்ஷயரில் மலையில் ஆளைத் தேடும் பொறுப்பு மாநிலத்தின் மீன்-வனவிலங்குத் துறையிடம் இருக்கிறது. அலட்சியமாகப் போய் மாட்டிக்கொண்டவர்களிடம் செலவை வசூலிக்கவும் செய்வார்கள். 25 டாலருக்கு ஹைக் சேஃப் என்று ஓர் அட்டை விற்கிறார்கள், ஒரு வருடத்துக்கு. அந்தப் பணம் மீட்பு நிதிக்குப் போகிறது. நான் வாங்குகிறேன்.

அம்மாவிடம் இறங்கிய பிறகுதான் சொன்னேன். "ஏன்டா, இங்க கொடைக்கானல்ல இல்லாத மலையா?" என்றார். அதற்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கரடி வராதா?

கரடி தூங்கும். ஏறும்போது பார்த்த ஒரே பிராணி ஒரு பறவை. கனடா ஜே என்று பெயர், புறாவை விடச் சின்னது, சாம்பல் நிறம், குளிருக்குப் பஞ்சு உருண்டை மாதிரி உப்பிக்கொண்டு. உச்சிக்குச் சற்றுக் கீழே முறுக்கை எடுக்கக் கையை வெளியே நீட்டியதும் சத்தமே இல்லாமல் மிட்டன் மேல் வந்து உட்கார்ந்தது. எடையே தெரியவில்லை. உப்பு பறவைக்கு ஆகாது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஒரு துண்டைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. இவை தின்பதை விடப் பதுக்குவது அதிகம். எச்சிலால் உணவைப் பசை மாதிரி ஒட்டி, மரப்பட்டை இடுக்குகளில் ஒளித்துவைத்துக் குளிர்காலத்தை ஓட்டும். மவுண்ட் பியர்ஸில் ஏதோ ஒரு ஃபர் மரத்தில் என் முறுக்கு ஒட்டப்பட்டிருக்கிறது.

உச்சியில் என்ன பார்த்தீர்கள்?

11:10-க்கு மேலே. கடைசி நூறு மீட்டரில் மரங்கள் இடுப்பளவுக்குக் குட்டையாகிவிடும். ஒவ்வொன்றும் காற்று வந்த திசைப் பக்கம் மட்டும் வெள்ளை உறைபனி பூசி, இறகு முளைத்த மாதிரி நிற்கும். அவற்றைத் தாண்டினால் வடக்கே மவுண்ட் ஐசன்ஹோவரின் மொட்டை உருண்டை, அதற்குப் பின்னால் மவுண்ட் வாஷிங்டன். வானம் கருநீலம். வாஷிங்டன் உச்சியிலிருந்து பனி கொடி மாதிரிப் பறந்துகொண்டிருந்தது. இங்கே 25 கிலோமீட்டர் காற்று என்றால் அங்கே எவ்வளவோ.

மொத்தம் ஆறு நிமிடம் நின்றேன். இரண்டு படம், அரை டம்ளர் சுக்குக் காபி, கட்டைவிரலால் சுண்டு விரலைத் தொட்டு ஒரு சோதனை. அது தொடவில்லை என்றால் கை வேலை செய்யவில்லை என்று அர்த்தம். தொட்டது. 13-ஐ ஏழால் பெருக்கினேன், 91 வந்தது. இறங்கிவிட்டேன்.

செலவு எவ்வளவு ஆகும்?

மைக்ரோஸ்பைக் 70, 80 டாலர். பூட்ஸும் டவுன் ஜாக்கெட்டும்தான் பெரிய செலவு. இரண்டையும் கோடையில் தள்ளுபடியில் வாங்கினேன். ஸ்னோஷூ வாடகைக்குக் கிடைக்கும். மங்கி கேப் ஊரிலிருந்து வந்தது, இன்றுவரை அதை மிஞ்சிய ஒன்றை இங்கே எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

நானும் போகலாமா?

தனியாக, முதல் தடவையே, இந்தக் குளிரிலா? வேண்டாம். கோடையில் அதே மலைக்கு ஒருமுறை போங்கள். அப்புறம் மார்ச்சில், மைனஸ் 2, மைனஸ் 3-ல், பழகியவர்களோடு. உங்களுக்கு எப்போது வியர்க்கிறது, எந்த விரல் முதலில் மரக்கிறது என்பது உங்கள் உடம்புக்கு மட்டும் தெரிந்த விஷயம். அதைக் கண்டுபிடிக்கவே ஒரு குளிர்காலம் போய்விடும். எனக்கு இரண்டு ஆனது. அடிவாரத்தில் அப்பலாச்சியன் மவுண்டன் கிளப்பின் ஹைலேண்ட் சென்டர் விடுதி இருக்கிறது. உள்ளே போய் அன்றைய முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, மனசு சரியில்லை என்றால் அங்கேயே சூப் குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஒருமுறை அப்படியும் செய்திருக்கிறேன்.

திரும்பி வந்தபோது கார் ஸ்டார்ட் ஆனதா?

மாமா கேட்ட கேள்வி. அவருக்கு மலையை விட வண்டி முக்கியம். ஐந்து மணி நேரம் மைனஸ் 20-ல் நின்ற வண்டி. முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவையும் இருமியது. மூன்றாவதில் பிடித்தது. ஹீட்டரைப் போட்டுவிட்டு நண்பருக்குச் செய்தி அனுப்பினேன், மணி 1:20. பின்சீட்டில் பையைத் திறந்தால் அந்த ஈரச் சட்டை இன்னும் நான் மடித்த வடிவத்திலேயே விறைத்து இருந்தது. லிங்கன் ஊர் தாண்டும்போதுதான் அது இளகி, கார் முழுக்க வியர்வை நாற்றம் அடிக்க ஆரம்பித்தது.